ஓரகடத்து வெயிலில் தயாராகும் வண்டி காஷ்மீர் பனியில் உறையாமல் இருப்பது எப்படி? ரயில் இன்ஜின் முதல் ரேடியேட்டர் தண்ணீர் வரை

ஓரகடம் சிப்காட்டில் மார்கழி அதிகாலை ஷிஃப்டுக்கு வருபவர்கள் ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதம்தான் பஸ் இறங்குவார்கள். அப்போதும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அதே மாதத்தில் ஸ்ரீநகர் நிலவரம் வேறு. 2024 டிசம்பர் 21 அன்று அங்கே மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. கடந்த 50 ஆண்டுகளில் அந்த ஊர் பார்த்த மிகக் குளிரான டிசம்பர் இரவு அது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சாலை வழியாக சுமார் 3,000 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-ல் ஏறி, கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால், அந்த ஒரே சாலை நேராக ஸ்ரீநகரில் கொண்டுபோய் விட்டுவிடும். ஹூண்டாய், ரெனோ-நிசான், பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என இந்தப் பகுதியில் தயாராகும் வண்டிகள் கண்டெய்னர் லாரிகளில் ஏறி வடக்கே போகின்றன. பக்கத்து வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து கார்கள் சரக்கு ரயிலிலும் போகின்றன.

பனிப் பிரதேசத்தில் ரயிலை இழுக்கும் இன்ஜினாக இருந்தாலும் சரி, காரை ஏற்றிப்போகும் லாரியாக இருந்தாலும் சரி, இரண்டுக்கும் ஒரே எதிரிதான். குளிரை விட, இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர்தான் அந்த எதிரி. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நம்மூர் வண்டிக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது என்ன?

தண்ணீர் உறைந்தால் இன்ஜினுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலான பொருட்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரோ உறையும்போது விரியும். 100 லிட்டர் தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 109 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்தவர்களுக்கு இது தெரியும். பாட்டில் விரிசல் விட்டிருக்கும்.

இன்ஜினிலும் நடப்பது அதேதான். சிலிண்டர்களைச் சுற்றி, இரும்பு பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் ஓடுவதற்கான சந்துகள் இருக்கின்றன. இன்ஜின் ஓடும்போது அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறி, திரும்பி வருகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க மைனஸ் டிகிரியில் நிறுத்தினால், அந்தச் சந்துகளில் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும். விரிய இடமில்லை என்றால் இரும்பையே பிளக்கும். ரேடியேட்டர் குழாய் வெடிக்கலாம், வாட்டர் பம்ப் உடையலாம். மோசமான நிலையில் பிளாக்கே விரிசல் விடும். பிளாக்கில் விரிசல் என்றால் கிட்டத்தட்ட புது இன்ஜின் செலவு.

இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான சின்ன மூடிகளைப் பார்த்திருக்கலாம். கோர் பிளக் என்பார்கள். உறைந்தால் இது கழன்று வந்து பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குகள் மத்தியில் உண்டு. உண்மையில் இன்ஜினை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுப்பதற்காக விடப்பட்ட ஓட்டைகளின் மூடிதான் அது. சில நேரம் அது கழன்று பிளாக் தப்பிக்கலாம். அதை நம்பி வண்டியை பனியில் நிறுத்த முடியாது.

ரயில் இன்ஜினில் கூலன்ட் ஊற்றினால் தீர்ந்ததா?

காரில் பச்சை, சிவப்பு, நீல நிறங்களில் ஊற்றப்படும் கூலன்ட்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைகால். அது சேர்ந்தால் தண்ணீரின் உறைநிலை இறங்கிவிடும். அப்படியானால் டீசல் ரயில் இன்ஜினிலும் அதையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். உலகின் பல ரயில்வேக்கள் நீண்ட காலமாக அப்படிச் செய்யவில்லை. வட அமெரிக்காவில் கடும் பனியில் ஓடும் டீசல் இன்ஜின்களில்கூட, துருப்பிடிக்காமல் இருக்க ரசாயனம் கலந்த வெறும் தண்ணீர்தான் வழக்கம்.

காரணங்கள் பல. முதலாவது அளவு. காரின் கூலிங் சிஸ்டத்தில் ஐந்து, ஆறு லிட்டர் போதும். இந்திய ரயில்வேயில் பல ஆண்டுகள் ஓடிய ஆல்கோ வகை டீசல் இன்ஜினுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தேவை. அதில் பாதி கிளைகால் என்றால், ஆயிரக்கணக்கான இன்ஜின்களுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கசிவு. ரயில் இன்ஜின்கள் முப்பது, நாற்பது வருடம் உழைப்பவை. பழைய இன்ஜினில் எங்காவது ஒரு சீல் தேய்ந்து, கூலிங் தண்ணீர் ஆயிலில் கலப்பது அபூர்வமல்ல. வெறும் தண்ணீர் கலந்தாலே சிக்கல்தான். கிளைகால் கலந்தால் ஆயில் கெட்டித்துப்போய் பேரிங்குகள் அடிவாங்கும்.

மூன்றாவது, சூட்டை வாங்கிக் கடத்துவதில் வெறும் தண்ணீருக்கு நிகர் கிளைகால் கலவை இல்லை. மூவாயிரம், நாலாயிரம் குதிரைத்திறன் இன்ஜினுக்கு அந்த வித்தியாசம் பெரிது. நான்காவது, கிளைகால் விஷம். தண்டவாளத்தில் ஒழுகினால் மண்ணும் நீரும் கெடும்.

அதனால்தான் பனியில் இன்ஜினை அணைப்பதே இல்லையா?

ஆமாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் சூடாகவே இருக்கும். அதனால் குளிர் நாடுகளின் ரயில் யார்டுகளில், வேலை இல்லாத நேரத்திலும் இன்ஜின்கள் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே நிற்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் நின்றால் கம்ப்ரஸர் நிற்கும். பிரேக்குக்கான காற்றழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கும்.

இந்தப் பழக்கத்துக்கு விலையும் அதிகம். சும்மா நிற்கும் பெரிய டீசல் இன்ஜின் மணிக்கு பத்து, இருபது லிட்டர் டீசலைக் குடித்துவிடும். புகையும் சத்தமும் தனி. எனவே மாற்று வழிகள் வந்தன.

ஒன்று, தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் கருவி. தண்ணீரின் வெப்பநிலை, பேட்டரி சார்ஜ், பிரேக் காற்றழுத்தம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஏதாவது ஒன்று குறைந்தால் மட்டும் இன்ஜினைக் கிளப்பும். அமெரிக்காவில் 2008-ல் வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், புதிய இன்ஜின்கள் 30 நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடாதபடி இந்த வசதியைக் கட்டாயமாக்கின. உறைந்துபோகும் அபாயம் இருந்தால் ஓட விடலாம் என்ற விலக்கும் அதில் உண்டு.

இரண்டு, ஏபியூ எனப்படும் துணை இன்ஜின். பெரிய இன்ஜினை அணைத்துவிட்டு, சிறிய டீசல் இன்ஜின் ஒன்றை மட்டும் ஓட விடுவார்கள். பேட்டரியும் பிரேக் காற்றும் அதன் பொறுப்பு. குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக வைப்பதும் அதுவே. இந்திய ரயில்வேயும் டீசலை மிச்சப்படுத்த தனது அதிக திறன் கொண்ட டீசல் இன்ஜின்களில் இதைப் பொருத்தியிருக்கிறது.

மூன்று, யார்டில் கரன்ட் பிளக் போட்டுத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்.

இவை எதுவுமே கைகொடுக்காவிட்டால் கடைசிக் காவல் ஒன்று இருக்கிறது. தண்ணீரின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது, சுமார் 4 டிகிரியில், தானாகத் திறந்துகொள்ளும் வால்வு. ஆயிரம் லிட்டர் தண்ணீரையும் அப்படியே தரையில் கொட்டிவிடும். மறுபடியும் நிரப்பும் வரை இன்ஜின் ஓடாது. ஆனாலும் பிளாக் பிழைத்துவிடும்.

காஷ்மீருக்குப் போகும் ரயிலில் என்ன செய்திருக்கிறார்கள்?

இந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 2008 அக்டோபரில். அங்கே ஓடிய டீசல் மின்தொடர் ரயில்கள் பெரம்பூர் ஐசிஎஃப் தயாரிப்பு. பெட்டிகளுக்கு வெப்பமூட்டும் வசதி, முன்பக்கத்தில் தண்டவாளப் பனியை ஒதுக்கும் அமைப்பு என்று அந்த ஊருக்காகவே மாற்றப்பட்டவை. மிச்ச நாடு ஏசி பெட்டி கேட்டபோது, ஐசிஎஃப் ஹீட்டர் வைத்த பெட்டி செய்து அனுப்பியது.

2024 பிப்ரவரியில் பள்ளத்தாக்கில் மின்சார ரயில் வந்தது. 2025 ஜூன் 6 அன்று 359 மீட்டர் உயர செனாப் பாலமும், கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டன. வந்தே பாரத்தும் ஐசிஎஃப்பில் பிறந்த வடிவமைப்புதான்.

மின்சார ரயிலில் டீசல் இன்ஜின் இல்லையே, அதில் உறைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கழிவறைக்கான தண்ணீர்த் தொட்டி, பயோ டாய்லெட் தொட்டி, அவற்றுக்குப் போகும் குழாய்கள், பிரேக் காற்றுக்குள் இருக்கும் ஈரப்பதம், லோகோ பைலட் முன்னால் இருக்கும் கண்ணாடி. காஷ்மீர் வந்தே பாரத்தில் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பயோ டாய்லெட் தொட்டிகளுக்கும் ஹீட்டர்கள் உண்டு. முன்பக்கக் கண்ணாடிக்குள்ளேயே மெல்லிய வெப்பக் கம்பிகள் இருப்பதால் படியும் பனி தானாக விலகிவிடும். மைனஸ் டிகிரியிலும் வேலை செய்யும்படி ஏர் பிரேக் அமைப்பும் மாற்றப்பட்டிருக்கிறது.

சரக்குப் போக்குவரத்தும் தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் பஞ்சாபிலிருந்து சிமென்ட் ஏற்றிய சரக்கு ரயில் அனந்தநாக் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹரியானாவின் மானேசரிலிருந்து மாருதி கார்கள் ரயிலிலேயே காஷ்மீருக்குப் போயின. வாலாஜாபாத்தில் ரயிலேறும் கார்களுக்கும் இனி அந்தப் பாதை எட்டாத தூரமில்லை. அதுவரை கடைசிக் கட்டத்தை லாரிகள்தான் தாண்ட வேண்டும்.

லாரி, கார், பைக்குக்கு வேறு கணக்கா?

ரயில் இன்ஜினை ராத்திரி முழுக்க ஓட விடலாம். சொந்த டீசலில் ஓடும் லாரியை அப்படி விட முடியாது. லாரியும் காரும் நம்பியிருப்பது கூலன்ட்டை மட்டும்தான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சுத்தமான எத்திலீன் கிளைகால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். இரண்டையும் சம அளவில் கலந்தால், அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வாக்கில்தான் உறையத் தொடங்கும். "நிறைய ஊத்தினா நிறைய பாதுகாப்பு" என்று தண்ணீரே சேர்க்காமல் கூலன்ட்டை மட்டும் ஊற்றுவது பணத்தையும் கொடுத்து பாதுகாப்பையும் குறைத்துக்கொள்ளும் வேலை.

வெயிலிலும் இந்தக் கலவை வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சம அளவுக் கலவை அதைவிட ஆறேழு டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். அதோடு துருவையும் உப்புப் படிவதையும் தடுக்கும். அதனால்தான் குளிரே இல்லாத ஊரிலும் புது வண்டிகள் கூலன்ட் நிரப்பித்தான் ஆலையை விட்டு வெளியே வருகின்றன.

பைக்கிலும் இது இப்போது முக்கியமாகிவிட்டது. ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன், 2016-ல் வந்தது, காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின் கொண்டது. உறைய அதில் தண்ணீரே கிடையாது. 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயனில் அந்த நிறுவனத்தின் முதல் லிக்விட் கூல்டு இன்ஜின் வந்தது. லடாக் போகிறவர்கள் சங்கிலிக்கு ஆயில் போடுவதோடு நிறுத்தாமல், கூலன்ட் டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டிய காலம் இது.

அப்படியானால் பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

ஆலையிலிருந்து சரியான கலவையோடு வெளியே வரும் வண்டி, சாலையில் மெல்ல மெல்ல வெறும் தண்ணீர் வண்டியாக மாறுகிறது. அதுதான் பிரச்சினை.

மே மாத வெயிலில் ஹோஸ் ஒன்று லேசாகக் கசிகிறது. டிரைவர் பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறார். நம்மூரில் அது தப்பே இல்லை, அப்போதைக்கு வண்டி ஓடும். அடுத்த வாரம் இன்னொரு குடம். பாதிக்குப் பாதி இருந்த கிளைகால் 30 சதவீதமாகி, பிறகு 15 சதவீதமாகும். நிறம் மட்டும் லேசாகப் பச்சையாகவே இருக்கும். டப்பாவைப் பார்த்தால் நிறைந்திருக்கும். தமிழ்நாட்டுக்குள் ஓடும் வரை அந்த வண்டி யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காது. ஊட்டி தலைக்குந்தாவில் உறைபனி விழும் ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டுவிட்டு வெயில் வந்ததும் ஏறிவிடும். மூடிய பெரிய இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் முழுக்க உறைய அவ்வளவு நேரம் போதாது.

காஷ்மீரில் அப்படியில்லை. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர் காலத்துக்கு அங்கே சில்லாய் கலான் என்று பெயர். பனிச்சரிவால் நெடுஞ்சாலை மூடப்பட்டால், லாரிகள் வரிசையாக நின்ற இடத்திலேயே ராத்திரியைக் கழிக்க வேண்டும். கிளைகால் 15 சதவீதம் இருக்கும் கலவை மைனஸ் 5, 6 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். ஸ்ரீநகர் மைனஸ் 8.5-ஐத் தொட்ட ராத்திரியில் அப்படி ஒரு வண்டி நின்றிருந்தால், காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே சேதம் நடந்து முடிந்திருக்கும்.

அந்தக் கலவையைச் சரிசெய்ய ஆகும் செலவு, காருக்கு சில நூறு ரூபாய், லாரிக்குச் சில ஆயிரம். பிளாக் போனால் செலவு லட்சங்களில். பராமரிக்கும் பொறுப்பு வண்டி உரிமையாளருக்கு. பனியில் மாட்டிக்கொண்டு நிற்பது டிரைவர். "வண்டிய பாத்து ஓட்டலையா?" என்ற கேள்வியும் பெரும்பாலும் டிரைவரை நோக்கித்தான் வரும். கூலன்ட் எத்தனை சதவீதம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

டீசலே உறைந்துவிடுமா?

உறையும். டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிர் ஏற ஏற அது சின்னச் சின்னத் துகள்களாகப் பிரிந்து டீசலைக் கலங்கலாக்கும். பிறகு ஃபில்டரை அடைக்கும். இன்னும் குளிர்ந்தால் டீசல் கூழாகிவிடும். இதனால் டீசல் எந்த வெப்பநிலை வரை ஃபில்டரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்கு இந்தியத் தர அளவு இருக்கிறது. கோடைக்கான டீசலுக்கு 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி. சமவெளிக்கு இது போதும். கார்கிலுக்கும் லேவுக்கும் போதாது.

அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தனி வகை டீசல் தயாரித்து, 2019 நவம்பரில் லடாக்கில் விற்பனையைத் தொடங்கியது. மைனஸ் 33 டிகிரி வரை அது ஓடும் தன்மையை இழக்காது. அதற்கு முன்பு டேங்குக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்தோ தீ மூட்டியோதான் பல டிரைவர்கள் காலையில் லாரியைக் கிளப்புவார்கள். எவ்வளவு ஆபத்தான வேலை என்று சொல்லவே வேண்டாம்.

எனவே ஜம்முவில் டேங்கை முழுசாக நிரப்பிக்கொண்டு மலை ஏறுவது லாபம் போலத் தெரிந்தாலும், மேலே போகும்போது டேங்கில் அந்த ஊர் குளிர்கால டீசல் இருப்பதுதான் முக்கியம். மண்ணெண்ணெய் கலப்பது பழைய கால வைத்தியம். பிஎஸ்-6 இன்ஜினின் இன்ஜெக்டர்களை அது கெடுத்துவிடும். சட்டப்படியும் குற்றம்.

வேறு எதெல்லாம் உறையும்?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கனரக டீசல் வண்டிகளில் தனி டேங்கில் யூரியா திரவம் ஊற்றுகிறார்கள். டிரைவர்கள் ஆட்புளூ, டெஃப் என்று சொல்வது இதைத்தான். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது இதன் வேலை. மைனஸ் 11 டிகிரியில் இது உறைந்துவிடும். இது தெரிந்தே வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடான பிறகு அந்தச் சூட்டிலோ மின்சாரத்திலோ அது உருகிக்கொள்ளும். உறைந்தால் இதுவும் விரியும் என்பதால், டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பக் கூடாது. உறையக் கூடாது என்று இதில் வேறு எதையும் கலக்கவும் கூடாது.

அடுத்து ஆயில். டப்பாவில் இருக்கும் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்ற எண்களில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் இருக்கும் எண் சின்னதாக இருந்தால், கடும் குளிரிலும் ஆயில் இளகி ஓடும் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யும் திறன் 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-லும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும் அளக்கப்படுகிறது.

பேட்டரிக்கும் குளிர் ஆகாது. மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கெட்டியான ஆயிலைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு அதிக சக்தி தேவைப்படும் அதே நேரத்தில், பேட்டரி கைவிட்டுவிடும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கியது உறைந்துவிடும்.

லாரிகளின் ஏர் பிரேக்கில் இன்னொரு அபாயம். காற்றில் இருக்கும் ஈரம் டேங்கில் தண்ணீராகச் சேரும். கடற்கரைக் காற்றில் ஓடும் சென்னை வண்டிகளில் அது அதிகம். மலையில் அது உறைந்து வால்வை அடைத்தால் பிரேக் பிடிக்காமலோ விடாமலோ போகலாம். ஏர் டேங்கை வடிப்பதும், ஏர் டிரையர் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுவதும் இங்கேயே செய்ய வேண்டிய வேலைகள்.

வடக்கே கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

- கூலன்ட்டின் நிறத்தை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறிய கருவியில் ஒரு சொட்டு விட்டால், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று காட்டிவிடும். நல்ல ஒர்க்‌ஷாப்களில் இருக்கும்.

- குறைந்திருந்தால் பழையதை வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையை ஊற்ற வேண்டும். கலக்கத் தேவையில்லாத ரெடிமேட் கூலன்ட்டா, தண்ணீர் சேர்க்க வேண்டியதா என்று லேபிளைப் படிக்க வேண்டும். சேர்ப்பது டிஸ்டில்டு வாட்டராக இருப்பது நல்லது.

- வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால், மலை ஏறுவதற்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். கைவசம் ஒரு கேன் கூலன்ட் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

- உறைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் செல்ஃப் அடிக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரை பிளாக் மீது ஊற்றவும் கூடாது. திடீர் சூட்டில் இரும்பு விரிசல் விடும். மெல்லச் சூடாக்கி, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

- குளிருக்காக மூடிய கேபினுக்குள் ஸ்டவ்வோ கரி அடுப்போ பற்றவைத்துத் தூங்கக் கூடாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

- வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்கக் கூடாது. லேசாக இனிக்கும் என்பதால் நாய்களும் குழந்தைகளும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. கொஞ்சமே உள்ளே போனாலும் சிறுநீரகத்தைப் பாதிக்கும் விஷம் அது.

இதில் முடிவு செய்ய வேண்டியது யார்?

ரயில்வேயில் இந்தப் பொறுப்பு ஒரு தனி மனிதரின் தலையில் இல்லை. துணை இன்ஜின், தானியங்கி வால்வு, தொட்டி ஹீட்டர் என்று யாராவது மறந்தாலும் இன்ஜினைக் காப்பாற்றும் ஏற்பாடுகளை அமைப்பே செய்துவைத்திருக்கிறது. லாரியில் அப்படி எதுவும் இல்லை. டப்பாவில் அளவு குறைந்தால் விளக்கு எரியும் வண்டிகள் இருக்கின்றன. ஆனால் அதில் இருப்பது கூலன்ட்டா, குடத்துத் தண்ணீரா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

அதனால், ஸ்ரீபெரும்புதூரிலோ ஓரகடத்திலோ குளிர்காலத்தில் ஜம்மு, ஸ்ரீநகர் லோடு ஏற்றும்போது, டயரும் பேப்பரும் பார்ப்பது போல கூலன்ட்டையும் அளந்து டிரிப் ஷீட்டில் எழுதிக்கொள்வது டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களின் வழக்கமாக வேண்டும். அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதி வைத்த அந்த ஒரு எண், இன்ஜினோடு சேர்த்து டிரைவரின் சம்பளத்தையும் காப்பாற்றும்.